ஈரம் காய்வதற்குள்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சொட்டு' என்றால்தான் தெரியும். குழாய் ரிப்பேர் செய்பவர். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழும்போது, "இனிமே ஒரு சொட்டு வராது, பாருங்க" என்று சொல்வது அவர் வழக்கம். முப்பது வருடம் அதையே சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. நாற்பதைத் தாண்டி முன்மண்டையில் வெளிச்சம் அடிக்கத் தொடங்கியதும், தெருப் பிள்ளைகள் அந்தப் பெயரின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி 'சொட்டை' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டும் உண்மைதானே" என்று விட்டுவிட்டார்.

மனைவியின் தம்பிக்குத்தான் அதில் வருத்தம். அவன் தெருமுனையில் சலூன் வைத்திருந்தான். "ஊர்ல எல்லாருக்கும் மாமா ஒருத்தர் இருந்தா மாசத்துக்கு ஒரு தடவையாவது கடைக்கு வருவாரு. எனக்கு வாய்ச்சது இப்படி" என்பான்.

மனிதர் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். பகை என்று இருந்தது ஒன்றோடுதான். தண்ணீர். "இத மாதிரி ஒரு கள்ளன் உலகத்துல கிடையாது. மூணாவது மாடில நுழையும், முதல் மாடில வந்து தலைய நீட்டும். நடுவுல எந்த வழியா வந்தன்னு கேட்டா வாயே திறக்காது" என்று திட்டுவார். ஸ்பேனரைக் கையில் எடுத்தால் சண்டைக்குப் போகிற முகம் வந்துவிடும்.

அந்தப் பகை தீர வழி பிறந்தது அவருடைய ஐம்பத்தொன்றாவது வயதில், ஒரு பள்ளிக்கூடத்தில்.

விடுமுறை விட்டிருந்த நேரம். ஓவிய வகுப்பு நடக்கும் அறையில் சிங்க் அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். அடியில் வளைந்திருக்கும் குழாயைக் கழற்றி வாளியில் கவிழ்த்தார். பத்து வருடத்துப் பிள்ளைகள் கழுவிவிட்ட வண்ணமெல்லாம் இறுகி, ஒரு பிடி சேறாக வந்து விழுந்தது. அதை உடைத்துப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காகச் சிவப்பு, ஊதா, பச்சை. "பைப்புக்குள்ள ஒரு கண்காட்சியே நடந்திருக்கு டீச்சர்" என்றார்.

ஓவிய டீச்சர் அப்போது அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் பாதி பயன்படுத்திப் போட்ட பழைய வண்ணப் பெட்டிகள் குப்பைக் கூடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு தகரப் பெட்டி சொட்டுவின் கண்ணில் பட்டது. மூடியோடு, உள்ளே பன்னிரண்டு சின்னச் சின்ன அறைகளோடு.

"டீச்சர், அந்த டப்பா எனக்குக் கிடைக்குமா?"

"அட, நீங்க படம் வரைவீங்களா?"

"அய்யோ, இல்லீங்க. வாஷர் போட்டு வைக்கத்தான். பன்னெண்டு அறை இருக்கு பாருங்க, சைஸ் வாரியா பிரிச்சு வச்சுக்கலாம்."

டீச்சர் சிரித்துவிட்டார். பெட்டியோடு இரண்டு பிரஷ்களையும் சேர்த்துக் கொடுத்தார். சந்து பொந்தில் அழுக்கு எடுக்க உதவும் என்று சொட்டு அவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். வெள்ளை எனாமல் பேசின் நிறையத் தண்ணீர் எடுத்து, பெட்டியை அப்படியே உள்ளே முக்கினார். கொஞ்ச நேரம் ஊறட்டும், பிறகு தேய்த்துக் கழுவிவிடலாம் என்பது திட்டம்.

நீலம்தான் முதலில் கிளம்பியது. அடுப்பிலிருந்து புகை எழுவதுபோல நூலாக எழுந்து, சுருண்டு, அவசரமே இல்லாமல் பரவியது. பக்கத்து அறையிலிருந்து மஞ்சள் தயங்கித் தயங்கி வந்தது. இரண்டும் தொட்டுக்கொண்ட இடத்தில் ஒரு பச்சை பிறந்தது. சொட்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒளிந்து ஓடுவதையும் திருட்டுத்தனமாகக் கசிவதையும்தான் அவர் அதுவரை பார்த்திருக்கிறார். கண்ணெதிரில் நின்று அது விளையாடி அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

மனைவி சமையலறையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை நேரிலேயே வந்துவிட்டாள். "என்னங்க, பேசின்ல என்ன மீனா ஓடுது?"

"கொஞ்சம் இங்க வந்து பாரேன்."

அவள் குனிந்து பார்த்தாள். "அழுக்குத் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொட்டு பெட்டியைச் சட்டென்று வெளியே எடுத்துத் துணியில் ஒற்றினார். வண்ணம் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டது. வாஷர்களுக்கு வேறு டப்பா தேடிக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

என்ன வரைவது என்ற கேள்விக்கு அவர் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. குளியலறைக் குழாய்தான். 'குழாயை என்னைவிட எவனுக்குத் தெரியும்?' என்ற தைரியம். பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி, குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் வரைந்தார். நிமிர்ந்த கழுத்தோடு கூடத்துக்கு வந்து மேசைமேல் வைத்தார்.

மனைவி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அளவாகத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் தப்பையும் கண்டுபிடித்துவிடும் கண்.

"வாத்தா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பியும் வந்து சேர்ந்தான். "வாத்து இல்லக்கா, நல்லாப் பாரு. மூக்கு இருக்கு. டீ கெட்டில்."

நர்சிங் இரண்டாவது வருடம் படிக்கும் மகள்தான் அப்பாவைக் காப்பாற்ற முன்வந்தாள். தாளைத் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "குழாய்தானேப்பா?" என்றாள்.

"பாத்தீங்களா! புள்ளைக்குத் தெரியுது. எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"ஒழுகுதே" என்றாள் அவள்.

உண்மைதான். தாளைத் தூக்கியதும் குழாயின் வாயிலிருந்து ஈர வண்ணம் ஒரு கோடாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் ஒரு சொட்டு வராது என்று வாக்குக் கொடுத்தவர் வரைந்த முதல் குழாய் ஒழுகியது. மச்சான் சிரித்த சிரிப்பில் நாற்காலியே பின்னால் சாய்ந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

சொட்டுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே இன்னும் ஆறு குழாய்கள் வரைந்தார். ஆறாவது குழாயைக் குழாய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அது ஒழுகவும் இல்லை.

அதற்குப் பிறகு காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை சமையலறை மேசை அவருடையது. முதலில் காலண்டர் தாள்தான். அது தண்ணீர் பட்டதும் அப்பளம்போலச் சுருண்டது. மகள் பார்த்துவிட்டு, கனத்த தாள் வைத்த நோட்டு ஒன்றை வாங்கி வந்து கொடுத்தாள். அந்தத் தாளில் தண்ணீரின் குணமே வேறாக இருந்தது. ஈரம் இருக்கும் இடத்துக்கு வண்ணம் தானாகப் போனது, காய்ந்த இடத்தின் எல்லையில் வந்து நின்றது. சுவருக்குள் ஈரம் பாயும் விதம் சொட்டுவுக்கு அத்துப்படி. இதுவும் அதே விதம்தான் என்று புரிந்தபோது அவருக்குப் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது. துரத்திப்போய்த் துடைத்தால் கறையாகும், பேசாமல் விட்டால் அதுவே அழகாகக் காயும். தண்ணீரைச் சும்மா விடுவது என்பதைத்தான் அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு மூன்று மாதம் ஆயிற்று.

எதை வரைவது என்று தேடி அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. விளிம்பு உடைந்த பச்சை வாளி. தேய்ந்து தேய்ந்து படகு மாதிரி ஆகிவிட்ட சலவை சோப்பு. கண்ணாடி டம்ளரில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ரகசியம் பேசும் மூன்று பல்துலக்கும் பிரஷ்கள். வலது பக்கம் மட்டும் தேய்ந்த தன் செருப்பு. எல்லாம் வருடக்கணக்காக அதே இடத்தில் இருந்தவைதான். உட்கார்ந்து வரையும்போது, முன்பு அவற்றைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. விருந்தாளி வந்திருப்பதுபோல ஒவ்வொன்றையும் மேசைமேல் மரியாதையாக வைத்தார்.

ஒரு நாள் முட்டை வரைந்தார். வெள்ளை முட்டை, சுலபம் என்று நினைத்துத்தான் எடுத்தார். உற்றுப் பார்த்தால் வெள்ளையைக் காணவில்லை. நிழல் பக்கம் நீலம். அடியில் மேசை விரிப்பின் சிவப்பு ஏறி ரோஜா நிறம். ஜன்னல் பக்கம் லேசான மஞ்சள். தூக்கம் கலையாமல் வந்த மனைவியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"இதுல எத்தன கலர் இருக்கு, சொல்லு பாப்போம்."

"ரெண்டு. உள்ள ஒரு மஞ்சள், வெளிய ஒரு வெள்ளை. இப்ப அத உடைச்சு ஊத்தலன்னா காலைச் சாப்பாட்டுக்கு நீங்க வரைஞ்சதத்தான் சாப்பிடணும்."

"அஞ்சு நிமிஷம் குடு."

அவள் கொடுத்தாள். ஆனால் எழுந்து போகாமல் முட்டையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த ரோஸ் நிஜமாவே இருக்குங்க" என்றாள், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல.

இந்தப் பார்வை வேலைக்கும் கூடவே வந்தது. அங்கேதான் வம்பு.

நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடிக்காரம்மா கூப்பிட்டிருந்தார். கூடத்தின் கூரையில், ஜன்னலை ஒட்டி ஈரக்கறை. கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் மேலதிகாரியாக இருப்பவர், எதையும் ஒரு தடவைதான் சொல்வார். சொட்டு ஏணி போட்டு ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். கறை ஒரு முழம் அகலத்துக்குப் பரவியிருந்தது. நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப்போகச் செம்மண் நிறம், விளிம்பில் வளையம் வளையமாகக் கரும்பழுப்புக் கோடுகள். கோட்டுக்கு உள்ளே கோடு, அதற்குள் இன்னொன்று. எந்த பிரஷாலும் இழுக்க முடியாத கோடுகள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. கீழே நின்றவருக்குப் பயம் வந்துவிட்டது.

"ரொம்பப் பெரிய பிரச்சினையா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் பேசாம நிக்கறீங்க?"

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று சொட்டு வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் ஏணியும் அவரும் வாசலுக்கு வெளியே இருந்தார்கள். "எங்க வீட்டுக் கூரை ஒழுகறது உங்களுக்கு அழகா இருக்கா? நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று கதவு சாத்தப்பட்டது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வேலையைச் செய்யாமல் அவர் வீடு திரும்பியது அன்றுதான். வீட்டில் சொன்னபோது மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து, கண்ணில் நின்ற கறையை வளையம் குறையாமல் வரைந்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

சில நாள் கழித்து மனைவியிடமிருந்து ஒரு புகார் வந்தது. நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "வாளி இருக்கு, சோப்பு இருக்கு, உங்க செருப்புக்கே ரெண்டு பக்கம் இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா ஒருத்தி இந்த வீட்ல இருக்காளே, அவ எங்க?"

நியாயமான கேள்வி. சொட்டுவுக்கு முகம் வராது என்ற பயம் இருந்தது. "நாளைக்கு உக்காரு" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் தலை வாரி, நல்ல உடை உடுத்தி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம். முடித்ததும் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இது என் தம்பி" என்றாள் மனைவி.

அச்சு அசல் அவன்தான். அக்காவின் உடையை உடுத்திக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான். மீசை ஒன்றுதான் பாக்கி. விஷயம் கேள்விப்பட்டு வந்த தம்பி, கழுத்துக்குக் கீழே மடித்துச் சட்டம் போட்டு அதைச் சலூனில் மாட்டிக்கொண்டான். "மாமா என்னைய நெனச்சு வரைஞ்சது" என்று வருகிறவர்களிடம் காட்டினான். எல்லோரும் நல்ல சாயல் என்றார்கள். மனைவி இரண்டு நாள் சலூன் இருக்கும் பக்கமே போகவில்லை.

சொட்டு இன்னும் இரண்டு தடவை முயன்றார். ஒன்று மறுபடியும் மச்சான். இன்னொன்று யாரென்றே தெரியவில்லை. பிறகு விட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். மேற்கு ஜன்னல் வெயில் லென்ஸ் வழியாக விழுந்து மேசையில் இரண்டு வெளிச்ச வட்டங்களாகக் கிடந்தது. இடது லென்ஸில் பெருவிரல் ரேகை. நாள் முழுக்க ஊரார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பவள், தன்னுடையதைத் துடைப்பதில்லை. யோசிக்கும்போது கடிக்கும் பழக்கத்தால் வலது காதுக் கம்பியின் நுனியில் சின்னச் சின்னப் பல் தடங்கள். சொட்டு சத்தமில்லாமல் பெட்டியைத் திறந்தார். வெயில் நகர்வதற்குள் முடித்தாக வேண்டும். இருபது நிமிடத்தில் முடித்தார்.

அவள் வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"என்னைய வரைஞ்சிருக்கீங்களே" என்றாள்.

"கண்ணாடியத்தான் வரைஞ்சேன்."

"அதத்தான் சொல்றேன்."

கொஞ்ச நேரம் கையை அவர் தோளிலேயே வைத்திருந்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து, சட்டைக்கையால் பரபரவென்று துடைத்தாள். "அந்த ரேகைய எதுக்குங்க போட்டீங்க? எங்க கடையில யாராவது பாத்தா என் மானமே போயிடும்." படத்தை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. துணி அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

மழைக்காலம் பாதி போயிருந்தது. ஒரு நாள் இரண்டாவது மாடிக்காரம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. குரலில் பழைய சுருதி இல்லை.

"சொட்டு அண்ணனா? அன்னைக்கு நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். அந்தக் கறை இப்ப டபுளாயிடுச்சு. மூணு பேர் வந்து பாத்துட்டாங்க. மூணு பேரும் மூணு காரணம் சொல்றாங்க."

சொட்டு போனார். போகும்போது, என்னவோ தோன்றி, அந்தக் கறைப் படத்தையும் வண்ணப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டார்.

போன இடத்தில்தான் முழுக்கதையும் தெரிந்தது. மேல்மாடியில் இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் குளியலறைதான் ஒழுகுகிறது என்று அம்மா சொல்ல, இல்லை என்று அவர் சொல்ல, பேச்சு வளர்ந்து, பேச்சே நின்றுபோய்ப் பதினொரு மாதம் ஆகிறது. சொல்ல வேண்டியதைக் காவலாளி மேலும் கீழும் தூக்கிக்கொண்டு அலைந்தார். டிரைவர் ரோஷத்தில் இரண்டு தடவை குளியலறைத் தரையை உடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டார். கறை அசையவில்லை.

சொட்டு ஏணியில் ஏறி, பழைய படத்தைக் கூரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். குளியலறை இருப்பது உள்பக்கம். அங்கிருந்து தண்ணீர் வந்தால் கறையும் உள்பக்கமாகத்தான் வளர வேண்டும். படத்தில் இருந்ததைவிட இப்போது அது வளர்ந்திருந்ததோ ஜன்னல் சுவரை ஒட்டியே. அப்புறம் அந்த வளையங்கள். படத்தில் ஐந்து, கூரையில் ஒன்பது. தன் தாளில் ஒரு வளையம் எப்போது விழும் என்று அவருக்குத் தெரியும். ஈரம் முழுக்கக் காய்ந்து, அதன்மேல் மறுபடியும் தண்ணீர் பட்டால்தான் விழும். தினம் நாலு தடவை குளியலறையில் தண்ணீர் புழங்கினால் காய ஏது நேரம்? இது எப்போதோ நனைந்து, எப்போதோ காய்கிறது. அப்படியென்றால் மழை.

ஜன்னலைத் திறந்து வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தார். ஜன்னலுக்குமேல் கோடு போட்ட துணிப் பந்தல் ஒன்று, வெயில் மறைப்பு. அதைச் சுவரில் இறுக்கியிருந்த நாலு போல்ட்டும் கூரை மட்டத்தில்.

"இத எப்பம்மா போட்டீங்க?"

"போன வருஷம்."

"கறை எப்ப வந்துச்சு?"

அம்மாவும் தலையை நீட்டிப் போல்ட்டைப் பார்த்தார்.

"மாடிக்காரரையும் கொஞ்சம் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா பாத்தாத்தான் நல்லது" என்றார் சொட்டு.

டிரைவர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். சொட்டு சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, சுவரைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி வரைந்தார். மேல் தளம், கீழ்த் தளம், டிரைவர் வீட்டுக் குழாய்கள் சாம்பல் நிறத்தில், ஜன்னல், பந்தல், நாலு போல்ட். வரைந்தது காய்ந்ததும், வெறும் தண்ணீரில் பிரஷை நனைத்து, போல்ட் துளையிலிருந்து கூரையின் கறை வரை கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வழி இழுத்தார். டிரைவர் மெல்ல மெல்ல மேசை அருகே வந்துவிட்டிருந்தார்.

"இப்ப மழை பெய்யுது" என்று சொல்லி, நீலத்தில் தோய்த்த பிரஷின் நுனியால் போல்ட்டை மட்டும் தொட்டார் சொட்டு.

நீலம் உள்ளே நுழைந்தது. யாரும் தள்ளாமல் கூரையின் ஓரமாகவே நகர்ந்து போய், கறை இருக்கும் இடத்தில் தேங்கி நின்றது. டிரைவரின் குழாய்கள் இருந்த பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டிரைவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"டைல்ஸ ரெண்டு தடவ உடைச்சேனே" என்றார் டிரைவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க. நான் உங்களப் பத்தி என்னென்னவோ சொல்லிட்டேன்."

"காவலாளி அதுல பாதியத்தான் சொன்னாருன்னு நினைக்கறேன். நல்ல மனுஷன்." டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதினோரு மாசமா உங்க வாசலத் தாண்டும்போதெல்லாம் இந்தப் பக்கம் திரும்பக் கூடாதுன்னு வைராக்கியமா நடந்து, எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. ஒரு டீ குடுங்க, சரியாயிடும்."

டீ வந்தது. காவலாளிக்கும் ஒரு டம்ளர் கீழே போயிற்று. சொட்டு நாலு போல்ட்டையும் கழற்றி, துளைகளை அடைத்து, கோணம் மாற்றிப் பந்தலை மறுபடி பொருத்தினார். இறங்கும்போது பழைய படம் மேசைமேல் கிடந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த ஊருங்க? பாலைவனமா?"

"உங்க வீட்டுக் கூரைம்மா. அன்னைக்குப் பாத்தது."

அவர் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். "இவ்வளவு அழகாவா இருந்துச்சு?"

சொட்டு ஒன்றும் சொல்லவில்லை. கஷ்டப்பட்டுத்தான் சொல்லாமல் இருந்தார்.

அடுத்த மாதம் கூரைக்கு வெள்ளையடித்தார்கள். கறை போய்விட்டது. அதன் படம் மட்டும் அதே கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. இந்தக் கதை கட்டடம் கட்டடமாகப் பரவி, ஒழுகல் என்றால் 'படம் போட்டுக் காட்டுற அண்ணனக் கூப்பிடு' என்றாகிவிட்டது. சொட்டுவும் ஏணி, ஸ்பேனர், பிரஷ் மூன்றும் இல்லாமல் கிளம்புவதில்லை. வேலை முடிந்த வீட்டில் ஏதாவது ஒரு பொருள் கண்ணில் பட்டால் பத்து நிமிடம் அனுமதி கேட்பார். சமையலறை ஜன்னலில் காயும் கையுறை, மூடி இல்லாத கெட்டில், பிள்ளை பாதியில் விட்ட பொம்மை. யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "இது இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்காதவர்களும் இல்லை.

அடுத்த வருடம் மகளுக்குப் படிப்பு முடிந்து வேலை கிடைத்தது. முதல் வேலையாக அப்பாவையும் அம்மாவையும் இரண்டு நாள் மலைக்கு அனுப்பி வைத்தாள். "அப்பா, வாளி சோப்பெல்லாம் போதும். அங்க போய் மலைய வரைஞ்சுட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

தங்கிய விடுதிக்கு முன்னால் பெரிய புல்வெளி. அதன் விளிம்பில் நின்றால் மலை அடுக்கடுக்காக, நீலமும் சாம்பலுமாக, கண் கொள்ளாமல் விரிந்து கிடந்தது. காலையில் அங்கே ஆறேழு பேர் ஓவியப் பலகையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெளியூர்க்காரர்கள், எல்லோருக்கும் அகலத் தொப்பி. சொட்டுவும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களுக்குப் பக்கத்தில் போட்டார். பெட்டியைத் திறந்தார். பிறகு எழுந்து, நாற்காலியை மலைக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

மனைவி ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, மலை அந்தப் பக்கம்."

"தெரியும்."

"இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

விடுதியின் பக்கவாட்டில் ஒரு துணிக்கொடி இருந்தது. அதில் அவருடைய சட்டை தொங்கியது. முந்தின நாள் பஸ்ஸில் டீ கொட்டிக்கொண்டார் என்று காலையில் அவள்தான் துவைத்துப் போட்டிருந்தாள். தோள்பக்கம் காயத் தொடங்கி வெளிர்நீலம். கீழே போகப்போக ஈரத்தில் கருநீலம். வெயில் பின்னாலிருந்து அடித்ததில் சட்டைப் பையின் தையல்கூடத் தெரிந்தது. கையின் நுனியில் ஒரு துளி வெளிச்சம் தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"மலை எங்கயும் போயிடாது. அந்தச் சட்டை காஞ்சிடும்" என்றார் சொட்டு.

மலைக்காற்று அவருக்கு ஒத்துழைக்கவில்லை. பாதிப் படம்தான் ஆகியிருந்தது. கருநீலம் சுருங்கிச் சுருங்கிக் கீழ் மடிப்புக்கு வந்துவிட்டது. அவர் வாயில் 'ச்சு' என்றொரு சத்தம் வந்தது. மனைவி அவரையும் சட்டையையும் பார்த்தாள். எழுந்தாள். புல்வெளியைக் கடந்து போய், சட்டையைக் கொடியிலிருந்து உருவி, குழாயடி வாளியில் ஒரே முக்காக முக்கி எடுத்தாள். பிழியாமல் கொண்டுவந்து, முன்பு இருந்த மடிப்பு கலையாமல், அதே இடத்தில் தொங்கவிட்டாள்.

"கை இன்னும் கொஞ்சம் வலது பக்கம்!" என்று அவர் இங்கிருந்து கத்தினார்.

அவள் கையைச் சரி செய்தாள். அறைகளைப் பெருக்கிவிட்டு வந்த விடுதிப் பணிப்பெண் இதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏங்கா, அது காஞ்சே போச்சே? மறுபடியும் எதுக்கு நனைச்சீங்க?"

"அவருக்கு இன்னும் முடியல" என்றாள் மனைவி.

பணிப்பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, விஷயம் என்னவென்று பார்க்க அவளும் புல்வெளிப் பக்கம் நடந்து வந்தாள். சட்டையிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. சொட்டு பிரஷை நீலத்தில் தோய்த்தார்.